யார் தலையில் விடிகிறது: செவ்வியல் நாவல்களில் காதல் வெறி

காதலுக்காக எதையும் செய்யத் துணிந்தவன் என்று ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிச் சொன்னாலே வாசக மனம் பாதி இளகிவிடுகிறது. அவன் பொய் சொல்லியிருக்கலாம், திருடியிருக்கலாம், ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்தியிருக்கலாம். காதலுக்காகச் செய்தான் என்றதும் அந்தக் குற்றங்களுக்குத் தனிச்சலுகை கிடைத்துவிடுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க, லத்தீன் அமெரிக்க நாவல்களில் பெரும்புகழ் பெற்ற சில, இப்படிப்பட்ட மனிதர்களை நடுவில் வைத்து எழுதப்பட்டவை. இந்தக் காதல் மகத்தானதா, நோயா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே அவற்றைப் பற்றிய பேச்சு இரண்டு நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. மகத்தானது என்பவர்களும் நோய் என்பவர்களும் காதலனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் குறை. அவன் வேட்கைக்கான விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு அதே நூல்களை மறுபடி படித்தால் வேறொரு கதை தெரிகிறது. விலை கொடுத்தவர் பல நேரம் காதலனும் அல்ல, காதலியும் அல்ல. ஒரு குழந்தை, ஓர் ஏழையின் மனைவி, பள்ளிக்கூடத்துச் சிறுமி என்று சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் தலையில்தான் அது விடிகிறது. நூலாசிரியர்கள் இவர்களை மறக்கவில்லை. பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் கதையின் ஓரத்தில், ஒரு பத்தியில், சில சமயம் ஒரே வாக்கியத்தில். மறந்தவர்கள் வாசகர்களாகிய நாம்.

1774இல் வெளிவந்த கதேயின் ‘இளம் வெர்தரின் துயரங்கள்’ நாவலிலிருந்து தொடங்கலாம். இன்னொருவனுக்கு நிச்சயமான லோட்டேயை நேசித்து, அவள் திருமணத்துக்குப் பிறகும் விலக முடியாமல் தவித்து, கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்ளும் இளைஞனின் கடிதங்கள் அவை. ஐரோப்பாவே படித்து அழுதது. இளைஞர்கள் வெர்தரைப் போல நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் அணிந்து திரிந்தார்கள். லைப்சிக் நகரில் 1775இல் நூல் விற்பனையையே தடைசெய்தார்கள். வெர்தர் தன்னைத் தவிர யாரையும் வருத்தவில்லை என்பது பொதுவான எண்ணம். நூல் அப்படிச் சொல்லவில்லை. பயணம் போவதாகப் பொய் சொல்லி, லோட்டேயின் கணவன் ஆல்பர்ட்டிடமே துப்பாக்கிகளை இரவல் கேட்டு வேலையாளை அனுப்புகிறான் வெர்தர். எடுத்துக் கொடுக்கும்படி ஆல்பர்ட் மனைவியிடம் சொல்கிறான். வெர்தர் இருந்த நிலையை நேரில் கண்டவள் அவள். எதற்குக் கேட்கிறான் என்ற அச்சம் அவளுக்கு இருக்கிறது. கணவனிடம் வாய்திறக்க முடியவில்லை. தூசு துடைத்து, நடுங்கும் கையோடு கொடுத்தனுப்புகிறாள். அவள் கைபட்டு வந்தவை என்று கேட்டு வெர்தர் பரவசப்படுகிறான். தன் சாவுக்கு அவளையும் உடந்தையாக்கிவிட்டுப் போன ஒருவனை யாரையும் வருத்தாதவன் என்று எப்படிச் சொல்வது? அதன் பின் லோட்டேயின் உயிருக்கே அஞ்சவேண்டியிருந்தது என்று நாவல் முடிவில் சொல்கிறது. 1787இல் நூலைத் திருத்தியபோது கதே ஒரு பண்ணையாளின் கதையையும் சேர்த்தார். அவன் தன் எஜமானியான கைம்பெண்ணை நேசித்து, வேலையிலிருந்து துரத்தப்பட்டு, தன் இடத்துக்கு வந்தவனைக் கொன்றுவிடுகிறான். வெர்தர் அந்தக் கொலைகாரனுக்காக மன்றாடுகிறான், அவனில் தன்னையே காண்கிறான். ஆல்பர்ட்டைக் கொல்லும் எண்ணமும் லோட்டேயைக் கொல்லும் எண்ணமும் தனக்கே வந்ததுண்டு என்று கடைசிக் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறான். வாசகர்கள் வெர்தரைக் கொண்டாடியதைப் பார்த்த பிறகு கதே செய்த திருத்தம் அது.

விக்டர் ஹியூகோவின் ‘நோத்ர தாம்’ நாவலில் (1831) இதே வேட்கை எந்தத் திரையும் இல்லாமல் நிற்கிறது. பாதிரியார் கிளாத் ஃப்ரோலோ, தெருவில் நடனமாடிப் பிழைக்கும் எஸ்மெரால்டாமீது ஆசைகொள்கிறார். அவள் விரும்பிய ஃபீபஸ் என்ற படைத்தலைவனைக் குத்திவிட்டு, அந்தப் பழி அவள்மீது விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சித்திரவதைக்குப் பின் இருட்டுச் சிறையில் கிடக்கும் அவளிடம் போய் அவர் பேசுவது முழுக்க முழுக்கத் தன் துன்பத்தைப் பற்றி: எப்படித் தூக்கம் இழந்தார், எப்படிப் போராடினார், விதி எப்படி இழுத்துவந்தது. கடைசியில் தூக்குமரத்தைக் காட்டி, அதுவா நானா என்று கேட்கிறார். அவள் தூக்குமரத்தைத் தேர்கிறாள். வெறிகொண்டவன் தன்னைத்தான் பாதிக்கப்பட்டவனாக எண்ணுகிறான் என்று ஹியூகோ கண்டது பின்னால் வந்த நாவல்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். விதிமேல் பாரத்தைப் போட்டதும் கத்தி பிடித்த கை அவனுடையது இல்லை என்றாகிவிடுகிறது.

ஆனால் இந்தப் பொருளுக்கு மிக வளமான நூல், எமிலி புரோண்டே 1847இல் எலிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட ‘வுதரிங் ஹைட்ஸ்’. லிவர்பூல் தெருவில் அநாதையாகத் திரிந்த சிறுவன் ஹீத்கிளிஃபை எர்ன்ஷா என்பவர் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்துப் பண்ணைவீட்டுக்கு அழைத்துவருகிறார். மகள் கேத்தரின் அவனோடு உயிருக்குயிராகப் பழகுகிறாள். மகன் ஹிண்ட்லி வெறுக்கிறான். தந்தை இறந்ததும் ஹீத்கிளிஃபின் படிப்பை நிறுத்திப் பண்ணைக்கூலி ஆக்குகிறான் ஹிண்ட்லி. கேத்தரின் வசதியான எட்கர் லிண்டனை மணக்க முடிவெடுக்க, ஹீத்கிளிஃப் காணாமல் போய் மூன்று ஆண்டுகள் கழித்துப் பணத்தோடு திரும்புகிறான். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. திரும்பி வந்தவன் செய்தவற்றைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். குடிகாரனாகிவிட்ட ஹிண்ட்லியைச் சூதாடவைத்து வீட்டையும் நிலத்தையும் அடமானத்தில் வளைத்துப்போடுகிறான். எட்கரின் தங்கை இசபெல்லா தன்மேல் மயங்கியிருப்பதைப் பயன்படுத்தி அவளை மணக்கிறான். அவளைக் கூட்டிக்கொண்டு போகும் இரவில் அவள் வளர்த்த நாய்க்குட்டியை அவள் பார்க்கவே தூக்கில் மாட்டுகிறான். கேத்தரின் பிரசவத்தை ஒட்டி இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகு, அவள் பெற்ற மகள் இளைய கேத்தரினை வீட்டுக்குள் அடைத்து, கன்னத்தில் மாறிமாறி அறைந்து, சாகக்கிடக்கும் தந்தையிடம் போகவிடாமல் தடுத்து, தன் நோயாளி மகனுக்குக் கட்டாயமாக மணம் முடிக்கிறான். லிண்டன் குடும்பத்துச் சொத்தும் கைக்கு வந்துவிடுகிறது. செத்துப்போன ஒருத்தியின்மேல் இன்னும் தீராத காதல், அவள் பெற்ற பெண்ணை அறைகிறது.

இவர்களுக்குள்ளும் ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனின் நிலை தனி. போதையில் தகப்பன் மாடிப்படியிலிருந்து தவறவிட்ட குழந்தையைக் கீழே நின்ற ஹீத்கிளிஃப் தன்னையறியாமல் ஏந்திக் காப்பாற்றிவிடுகிறான். மறுகணமே பழிதீர்க்கும் வாய்ப்பை இழந்ததற்காக அவன் முகம் கறுக்கிறது. ஹிண்ட்லி இறந்ததும் தனக்கு நேர்ந்தது இவனுக்கும் நேரட்டும் என்று அந்தப் பிள்ளையைத் தன் பிடியில் வைத்துக்கொள்கிறான். படிப்புச் சொல்லித்தரப்படாமல், கூலியில்லாத வேலையாளாக, வசைச்சொல் மட்டும் கற்று வளர்கிறான் ஹேர்ட்டன். அந்த வீட்டு வாசலுக்கு மேலே கல்லில் 1500 என்ற ஆண்டும் ஒரு பெயரும் செதுக்கியிருக்கிறது. முன்னோர் ஒருவரின் பெயர்: ஹேர்ட்டன் எர்ன்ஷா. அவனுடைய பெயரேதான். தன் வீட்டு வாசலில் இருக்கும் தன் பெயரை அவனால் படிக்க முடியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும்போது ஏதோ எழுத்து, தனக்குப் படிக்கத் தெரியாது என்கிறான். அவனைவிட வயதில் இளையவர்கள் கேலி செய்கிறார்கள். வாரிசிடமிருந்து சொத்தைப் பறித்த கதைகள் எத்தனையோ இருக்கின்றன. தான் யார் என்று அறியும் வழியையே ஒரு பிள்ளையிடமிருந்து பறித்த கொடுமையை இந்தக் கல்வெட்டில் காட்டியதைப் போல வேறெங்கும் நான் படித்ததில்லை.

1850ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய அக்காள் சார்லட் புரோண்டே, ஹீத்கிளிஃப் போன்ற ஒருவனைப் படைப்பது சரிதானா என்று தயங்குகிறார். அதே முன்னுரையில் இன்னொன்றும் சொல்கிறார். அவனை மனிதகுலத்தோடு பிணைப்பது கேத்தரின்மேல் அவன் வைத்த காதல் அல்ல. ஹேர்ட்டன்மேல் அவனுக்கு இருந்த முரட்டுத்தனமான மதிப்பும், வீட்டுப் பணிப்பெண் நெல்லி டீன்மேல் இருந்த அரைகுறை மரியாதையும்தான் என்கிறார். இந்த நூலைப் பற்றி இதைவிடக் கூர்மையான தீர்ப்பு இல்லை என்பேன். காதலைப் பற்றிய நூல் என்று உலகம் கொண்டாடுவதற்கு வெகு முன்பே, வீட்டுக்குள்ளிருந்தே ஒருவர் அதை வேறுவிதமாகப் படித்திருக்கிறார். ஆனால் வில்லியம் வைலர் இயக்கத்தில் லாரன்ஸ் ஒலிவியே நடித்த 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் கேத்தரினின் சாவோடு கதையை முடித்துக்கொண்டது. நாவலின் பின்பாதி அப்படியே போய்விட்டது. ஹேர்ட்டனின் எழுத்தறிவின்மை, இளைய கேத்தரினின் சிறை, கட்டாயத் திருமணம் எல்லாம் அந்தப் பின்பாதியில் இருப்பவை. பாதிக்கப்பட்டவர்களை நீக்கிவிட்டால் மிஞ்சுவது அமரக் காதல்தான். பல தலைமுறைகள் அறிந்த ஹீத்கிளிஃப் இந்த வெட்டுக்குப் பின் மிஞ்சிய ஹீத்கிளிஃப்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஹீத்கிளிஃபே பாதிக்கப்பட்டவன் அல்லவா? நிறத்தையும் பிறப்பையும் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவன், கல்வி மறுக்கப்பட்டவன், ஏழை என்பதால் காதலியை இழந்தவன். அவன் சீற்றத்தை ஒழுக்கத் தராசில் நிறுப்பது, அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனைக் குறைசொல்வது ஆகாதா? இந்த மறுப்பின் முதல் பாதி முழுக்கச் சரி. ஹிண்ட்லி செய்தது அநீதி, கேத்தரினின் தேர்வில் வர்க்கமும் இருக்கிறது, இரண்டையும் எமிலி புரோண்டே ஒளிக்கவில்லை. ஆனால் அடிபட்டவனின் கை யார்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஹிண்ட்லியோடு அது நிற்கவில்லை. ஹிண்ட்லி செத்த பின் ஹேர்ட்டனிடம் வருகிறது, எட்கரைத் தாண்டி அவன் மகளிடம் வருகிறது. அவன் பழிவாங்கிய இந்த இருவருக்கும் அவனுக்கு நடந்த அநீதியில் எந்தப் பங்கும் இல்லை. தனக்கு இழைக்கப்பட்ட அதே கொடுமையை, அதே முறையில், தன்னைப் போலவே நாதியற்ற பிள்ளைக்கு அவன் இழைக்கும்போது, அநீதியை எதிர்க்கவில்லை, அதைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறான். நாவல் இதற்கு விடையும் வைத்திருக்கிறது. கடைசிப் பகுதியில் இளைய கேத்தரின் ஹேர்ட்டனுக்குப் படிக்கக் கற்றுத்தருகிறாள். ஹீத்கிளிஃபின் வாழ்நாள் திட்டம் ஒரு பாடப்புத்தகத்தின் முன் தோற்கிறது.

ஃபிட்ஜெரால்டின் ‘தி கிரேட் காட்ஸ்பி’ (1925) நாயகனும் ஏழ்மையால் காதலியை இழந்தவன்தான். வடக்கு டகோட்டாவின் விவசாயி மகன், 1917இல் லூயிவில் நகரில் டெய்சியைச் சந்தித்து, போருக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் டாம் புக்கனன் என்ற பணக்காரனை மணந்துவிட, மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் விற்றுப் பெரும்பணம் சேர்த்து, அவள் வீட்டுக்கு நேரெதிரே விரிகுடாவின் அக்கரையில் மாளிகை வாங்குகிறான். ஹீத்கிளிஃபைப் போலக் கொடியவன் அல்ல. கண்ணியமானவன், தாராளமானவன், கடைசிவரை விட்டுக்கொடுக்காதவன். அதனால்தான் அவனிடம் கூடுதல் கவனம் தேவை. டெய்சியின் மூன்று வயதுப் பெண்குழந்தையை அழைத்துவந்து காட்டும்போது காட்ஸ்பி திகைத்துப்போய் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அப்படி ஒரு குழந்தை உண்மையிலேயே இருக்கிறது என்று அதற்கு முன் அவன் நம்பியதில்லை போலும் என்கிறான் கதைசொல்லி நிக். அந்தக் குழந்தை, இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளையும் டெய்சி வாழ்ந்திருக்கிறாள் என்பதற்குச் சான்று. காட்ஸ்பிக்கு வேண்டியது அந்த ஆண்டுகள் இல்லாத டெய்சி. டாமை ஒருபோதும் நேசித்ததில்லை என்று அவள் வாயால் சொல்லவேண்டும் என்று விடாப்பிடியாக நிற்கிறான். அவளால் முடியவில்லை; ஒரு காலத்தில் அவனையும் நேசித்தேன் என்று அழுகிறாள். உண்மையைச் சொன்ன அந்த ஒரு கணத்தில்தான் அவனுக்கு அவள் அந்நியமாகிறாள்.

அதே மாலையில் டெய்சி ஓட்டிய கார் மெக்கானிக் ஒருவனின் மனைவியான மிர்ட்டில் வில்சனை அடித்துக் கொல்கிறது. பழியைத் தான் ஏற்கத் தயாராக இருக்கிறான் காட்ஸ்பி. இதைத் தியாகம் என்று வகுப்பறைகளில் சொல்லித்தருகிறார்கள். அன்றிரவு டெய்சியின் வீட்டுத் தோட்டத்தில் காவல் நிற்கும் அவனோடு நிக் பேசும் இடத்தைப் படித்துப் பாருங்கள். செத்தவளைப் பற்றி ஓரிரு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறான். டெய்சி எப்படித் தாங்கினாள் என்பது ஒன்றே முக்கியம் என்பதுபோலப் பேசுகிறான். டாம், டெய்சி தம்பதியின் பொறுப்பின்மைமேல் நிக் கடுமையான தீர்ப்புச் சொல்வது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. காட்ஸ்பியின் கண்ணுக்கும் மிர்ட்டில் தெரியவில்லை என்பதை நிக் உரக்கச் சொல்லவில்லை. ஃபிட்ஜெரால்டு காட்சியாக வைத்துவிட்டுப் போகிறார். மனைவியை இழந்த வில்சன் காட்ஸ்பியைச் சுட்டுவிட்டுத் தானும் சாகிறான். பணக்காரர்கள் இருவரும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பகுதியிலேயே வறுமைப்பட்ட வீடு ஒன்றுதான் ஒருவரும் மிஞ்சாமல் அழிந்துபோகிறது.

கார்சியா மார்க்கேஸின் ‘காலரா காலத்தில் காதல்’ (1985) இந்த வரிசையில் மிகவும் வஞ்சகமான நூல். வஞ்சகம் என்பதை அதன் கலைக்கான பாராட்டாகவே சொல்கிறேன். ஃப்ளோரென்டினோ அரிஸா தன்னை மறுத்த ஃபெர்மினா தாஸாவுக்காக 51 ஆண்டு, 9 மாதம், 4 நாள் காத்திருக்கிறார். அவள் கணவர் இறந்த அன்றே காதலை மறுபடி சொல்கிறார். கடைசியில் இருவரும் முதுமையில் ஆற்றுக்கப்பலில் சேர்கிறார்கள். உலகெங்கும் திருமண வாழ்த்துகளில் எடுத்தாளப்படும் கதை. காத்திருந்த காலத்தில் அவர் குறித்துவைத்த உறவுகள் மட்டும் 622. அவற்றுள் ஒருத்தி புறா வளர்க்கும் ஒலிம்பியா ஸுலேத்தா. அவள் வயிற்றில் இவர் விளையாட்டாகச் சிவப்புச் சாயத்தால் எழுதியதைப் பார்த்துவிட்டு அவள் கணவன் அவளைக் கழுத்தறுத்துக் கொல்கிறான். அப்போது இவரை வாட்டிய பெரிய அச்சம் தன் உயிரைப் பற்றியது அல்ல, செத்தவளைப் பற்றியதும் அல்ல. செய்தி ஃபெர்மினாவின் காதுக்கு எட்டிவிடுமோ என்பது. எழுபதைத் தாண்டிய வயதில், பெற்றோர் பாதுகாவலராக நம்பி ஒப்படைத்த 14 வயது உறவுக்காரச் சிறுமி அமெரிக்கா விகுனியாவைத் தன் படுக்கைக்குக் கொண்டுவருகிறார். ஃபெர்மினா கைகூடும் நேரம் வந்ததும் ஒதுக்கிவிடுகிறார். அந்தப் பெண் நஞ்சருந்தி இறக்கிறாள். தந்தி அவருக்குக் கப்பலில் கிடைக்கிறது, ஃபெர்மினாவோடு தேனிலவுபோல இருக்கும் நேரத்தில். அந்த நினைவை அனுமதித்தால் தாங்கமுடியாது என்று அடக்கிவைத்துக்கொள்கிறார். கதை மேலே போகிறது. பெரும்பாலான வாசகர்களும் அவரோடு சேர்ந்து மேலே போய்விடுகிறார்கள்.

விலை மனிதர்களோடு நிற்கவில்லை. ஃப்ளோரென்டினோ ஆற்றுக்கப்பல் நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தவர். கொதிகலன்களுக்கு விறகு வெட்டி வெட்டியே மக்தலேனா ஆற்றங்கரைக் காடுகள் அழிகின்றன. எச்சரிக்கைகள் வந்தபோது ஃபெர்மினாவின் நினைவிலேயே மூழ்கியிருந்த அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று நாவல் வெளிப்படையாகச் சொல்கிறது. காதலர்களின் கப்பல் விறகில்லாமல் நடுவழியில் நின்றுபோகிறது. கரையில் குரங்குகள் இல்லை, கிளிகள் இல்லை. கடைசியில் மற்றப் பயணிகள் ஏறாமல் இருக்கக் காலராவுக்குரிய மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு இருவரும் அந்த ஆற்றில் மேலும் கீழும் போய்வரத் தீர்மானிக்கிறார்கள். இதைக் காதலின் வெற்றி என்று மட்டும் படிப்பவர், அவர்கள் போய்வருவது ஒரு செத்த ஆற்றில் என்பதைப் பார்க்காமல் விட்டவர்.

நபக்கோவின் ‘லோலிதா’ (1955) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் பாதிக்கப்பட்டவரை ஓரத்தில் வைக்கும் உத்தி அங்கே முற்றிய வடிவில் இருக்கிறது. 12 வயதுச் சிறுமியைச் சிதைத்த ஹம்பர்ட், அழகிய மொழியில் அதைக் காதல் என்று சொல்லிக்கொண்டே போகிறான். அவளுடைய பெயர் டோலரஸ் ஹேஸ். லோலிதா என்பது அவன் சூட்டியது. அவன் தூங்குவதுபோல நடித்ததும் ஒவ்வோர் இரவும் அவள் அழுதாள் என்பது ஒரு நீண்ட பயண வருணனையின் வாலில் வந்துபோகிறது. பிரசவத்தில் அவள் இறந்த செய்தி நாவலின் கற்பனை முன்னுரையிலேயே, அவளுடைய மணமான பெயரில் இருக்கிறது. முதல்முறை படிக்கும் யாருக்கும் அது அவள் என்று தெரியாது. நூல் முழுவதையும் படித்துவிட்டு முன்பக்கத்துக்குத் திரும்பி வருபவருக்கு மட்டுமே அவளுடைய சாவு கிடைக்கிறது. இத்தனைக்குப் பிறகும் உலகம் அந்தப் பெயரை மயக்கும் சிறுமி என்ற பொருளில் புழங்குகிறது. ஹம்பர்ட்டின் வாக்குமூலத்தைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

நாவல் என்ன நீதிநூலா, பாத்திரங்களின் பாவக்கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் இலக்கியத்தை எப்போது படிப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த நூல்களுக்கு வெளியே நின்று ஒழுக்கம் பேசினால் அந்தக் கேள்வி செல்லும். நான் சுட்டியவை எல்லாம் நூலுக்குள் ஆசிரியர் வைத்தவை. வாசலின் கல்வெட்டும், திகைக்கவைத்த குழந்தையும், கப்பலுக்கு வந்த தந்தியும் இல்லாமலே அந்தக் கதைகளைச் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. ஏன் ஓரத்தில் வைத்தார்கள் என்பதற்கும் கலை சார்ந்த காரணம் இருக்கிறது. வெறிகொண்டவனின் கண்ணுக்கு மற்றவர்கள் ஓரத்தில்தான் தெரிவார்கள். அவனோடு சேர்ந்து நம்மையும் அவசரமாகக் கடந்துபோகவைத்து, எதைக் கடந்துவந்தோம் என்பதை இரண்டாம் வாசிப்பில் காட்டுகிறது நாவல். அந்த இரண்டாம் வாசிப்பை மறுப்பவர்தான் நூலின் கலையில் பாதியை இழக்கிறார்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது, நம் நாட்டில் குறிப்பாக. சமூகத்தின் ஒழுக்கமே அநீதியாக இருக்கும்போது அதை மீறிக் காதலிப்பது குற்றமா? சாதியை மீறி மணந்ததற்காகப் பெற்றவர்களே பிள்ளைகளைக் கொல்லும் மண்ணில், எந்த விலை கொடுத்தாவது காதலிப்பேன் என்பவரைப் பார்த்து விலையைக் கணக்கிடச் சொல்வது கொடுமை அல்லவா? இங்கே டால்ஸ்டாயின் அன்னா கரேனினாவை எண்ணிப் பார்க்கலாம். அவளும் விதிகளை மீறியவள். ஆனால் அவள் மீறலுக்கான விலையில் பெரும்பகுதி அவளிடமே வசூலிக்கப்படுகிறது. அவள் காதலன் விரான்ஸ்கிக்குத் திறந்திருக்கும் வீடுகள் அவளுக்கு மூடப்படுகின்றன. மகன் செர்யோஷாவின் பிறந்தநாளில் தன் பழைய வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து அவனைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையும் துன்பப்படுகிறான், அதை டால்ஸ்டாய் மறைக்கவில்லை, அன்னாவும் ஒரு நாளும் மறக்கவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. சாதி மறுத்து மணப்பவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்; இருவரும் விரும்பி எடுத்த முடிவு அது. ஃப்ரோலோவும் ஹீத்கிளிஃபும் ஃப்ளோரென்டினோவும் பணயம் வைத்தது பிறர் உயிரை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் பயன் பெறுபவன் இரண்டாமவன்தான்.

வெறி இல்லாத காதல் ஆழமற்றது என்பாருக்கு விடை தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ (1848). ‘வுதரிங் ஹைட்ஸ்’ வந்த மறு ஆண்டே எழுதப்பட்ட இந்தக் குறுநாவல் தமிழ் வாசகர்களுக்கு நன்கு பழக்கமானது. 2003இல் வந்த ‘இயற்கை’ திரைப்படத்துக்கும் தூண்டுதல் அதுதான். தனிமையில் வாடும் இளைஞன் நாஸ்தென்காவைக் காதலிக்கிறான். அவள் வேறொருவனுக்காகக் காத்திருக்கிறாள். அவனுக்கு அவள் எழுதிய கடிதத்தைக் கொண்டுசேர்ப்பவனும் இவன்தான். கடைசியில் அவன் வந்ததும் இவனை விட்டுப் போய்விடுகிறாள். இவன் துன்பம் ஹீத்கிளிஃபின் துன்பத்தைவிடக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கென்று ஒரு மனம் இருக்கிறது என்பதை ஒரு கணமும் மறக்கவில்லை. அவளுடைய மகிழ்ச்சியில் தன் கசப்பின் நிழல்கூட விழக்கூடாது என்று எண்ணுகிறான். தீவிரமும் அறமும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல என்பதற்கு இந்தச் சிறுநூல் ஒன்றே போதும்.

இவையெல்லாம் இன்றைய பார்வையைப் பழைய நூல்கள்மேல் ஏற்றுவது என்றும் சொல்லப்படுகிறது. தமிழர் அப்படிச் சொல்வதற்கு இடமில்லை. தொல்காப்பியம் ஒத்த அன்பின் ஐந்திணையை நடுவில் வைத்து, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் இரு புறமும் ஒதுக்கியது. காமம் மிகுந்து வன்முறையில் இறங்குவதைப் பெருந்திணையின் கூறுகளில் ஒன்றாகவே எண்ணியது. மடலேறுவேன் என்று தலைவன் சொல்வது அகத்துக்குள் அடங்கும், பனைமடல் குதிரையில் உண்மையிலேயே ஏறித் தெருவில் வந்துவிட்டால் அது பெருந்திணை என்று உரையாசிரியர்கள் பிரித்தார்கள். ஏக்கத்தைச் சொல்வது வேறு, ஒருத்தியின் பெயரைத் தெருவுக்கு இழுத்து அவளை நெருக்குவது வேறு என்ற தெளிவு அந்த இலக்கணத்தில் இருக்கிறது.

அந்தத் தெளிவை நாம் இழந்தது பிற்காலத்தில். சரத் சந்திரரின் ‘தேவதாஸ்’ (1917) நாவலில் பார்வதி தன்னை எதிர்த்துப் பேசியதும் தேவதாஸ் தூண்டில் கழியால் அவள் நெற்றியில் அடிக்கிறான். ரத்தம் வழிகிறது, தழும்பு நிலைக்கிறது. 1953இல் நாகேஸ்வர ராவ், சாவித்திரி நடிப்பில் படம் தமிழிலும் வந்து வீடுவீடாக அழவைத்தது. காதலில் தோற்றவனை இன்றும் தேவதாஸ் என்று பரிவோடு அழைக்கிறோம். தழும்போடு வாழ்ந்தவளின் பெயரில் யாரையும் அழைப்பதில்லை. மறுத்த பெண்ணை விடாமல் துரத்துபவனை நாயகனாக்கும் படங்கள் தொடர்ந்து வருகின்றன. மறுத்ததற்காகப் பெண்கள் வெட்டப்படும் செய்திகளும் தொடர்ந்து வருகின்றன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. காதலன் முகத்தை மட்டும் பார்க்கும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

ஆகவே இந்த நூல்களை ஒதுக்கிவைக்கச் சொல்லவில்லை. முழுதாகப் படிக்கச் சொல்கிறேன். கல்லூரியில் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நடத்தும் ஆசிரியர்கள் பின்பாதிக்கும் அதே அளவு வகுப்புகளை ஒதுக்குங்கள், தேர்வில் ஹேர்ட்டனைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் கதைகளைத் திரைக்குக் கொண்டுவருபவர்கள் அமெரிக்கா விகுனியாவையும் மிர்ட்டில் வில்சனையும் வெட்டி எறியாதீர்கள். மூல ஆசிரியர்கள் தெரிந்தேதான் அவர்களை எழுதினார்கள்.